சிஸ்டர் சொன்ன ‘நடக்கும்’

எங்கள் பாயான் பாரு வீட்டில் மகள் கைப்பேசியில் பிரெஞ்சு படித்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, மார்ஷேன்னா நடக்கறது. ஆனா ‘சா மார்ஷ்’னா ‘சரி, செஞ்சிடலாம்’னு அர்த்தமாம். கன்பியூஸ் ஆவுது லா.”

சட்டென்று நான் வளர்ந்த பாகான் டாலாம் வீட்டின் தைல வாடை என் மூக்கில் ஏறியது. எனக்கு அப்போது ஒன்பது வயது. தொழிற்சாலையில் விழுந்த அப்பா, கால்களில் உணர்வில்லாமல் படுத்திருந்தார். மாதா கோயிலிலிருந்து பிரெஞ்சுக்கார சிஸ்டர் ஒருவர் பார்க்க வந்தார்.

“இவருக்காக வேண்டிக்குங்க சிஸ்டர்,” என்று அம்மா அழுதார்.

“நடக்கும்,” என்றார் சிஸ்டர், அரைகுறைத் தமிழில்.

அப்பா நடப்பார் என்றே நான் எடுத்துக்கொண்டேன். தினமும் அவர் வேலைக்குப் போட்டுப்போன சப்பாத்தைத் துடைத்துக் கட்டிலருகே வைத்தேன்.

“எதுக்கும்மா இது?” என்றார் அப்பா.

“சிஸ்டர் சொன்னாங்கல்ல?”

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அப்பா கடைசிவரை எழுந்திருக்கவில்லை. அடக்கத்தன்று என் தோளைத் தொட்ட சிஸ்டரிடம், “பொய் சொன்னீங்க,” என்று கத்தினேன். அவர் ஒன்றும் புரியாமல் அம்மாவைப் பார்த்தார்.

‘சா மார்ஷ்’ என்பதை அப்படியே தமிழாக்கி, ‘சரி, வேண்டிக்கொள்கிறேன்’ என்பதைத்தான் அன்று சொன்னாரா? இல்லை, அப்பா நடப்பார் என்று அவரும் நம்பினாரா? தெரியவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து அப்பாவின் கட்டிலருகே அவர் முழங்காலிட்டது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும்.