செபஸ்தியாம்பிள்ளை சேரின் ஞாயிற்றுக்கிழமைக் கேள்வி

செவ்வாய்க்கிழமை காலை, லண்டன் குட்மேய்ஸில் நான் ஷிப்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது சேரின் மகள் அழைத்தாள். "அக்கா, அப்பா போயிட்டார்." மரணத்தைப் பதியக் கவுன்சில் அலுவலகத்துக்குத் துணைக்கு வரமுடியுமா என்றும் கேட்டாள். "வாறன். ஆனா முதல் நான் சேரைக் கண்ணால பாக்கவேணும்" என்றேன். அவளுக்கு அது விசித்திரமாகப் பட்டிருக்கும். உங்களுக்கும் படலாம்.

சேரை அறிந்தவர்களுக்கு அவர் அரசாங்க அதிபராக இருந்த காலம் தெரியும். இலங்கையின் வடக்கில் பல மாவட்டங்களின் நிர்வாகத்துக்குத் தலைவராக இருந்தவர். அவற்றில் ஒன்றின் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், நான் எழுதுவினைஞர். சரியான முசுடு மனுசன்! ஆனால் மனுக் கொண்டுவருகிறவரை முதலில் இருத்தவேண்டும் என்பது அவர் சட்டம். "நிண்டுகொண்டு கதைக்கிற சனத்துக்குப் பாதிக் கதைதான் வாயில வரும், பிள்ளை" என்பார். ஒருநாள் கதிரை போதாமல் போக, தன் கதிரையைத் தூக்கிவந்து ஒரு கிழவரை இருத்தினார்.

போர்க்காலத்தில் மீனவர் ஒருவர் கடலிலிருந்து திரும்பவில்லை. படகு மட்டும் கரையொதுங்கியது. அவர் பெயர் சூசை என்று வைத்துக்கொள்வோம். அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், ஊரைச் சொல்லமாட்டேன். மரணச் சான்றிதழ் இல்லாமல் அவர் மனைவிக்கு நிவாரணம் இல்லை. "அவர் வருவார் சேர். உந்தக் கடுதாசி எனக்கு வேண்டாம்" என்றாள் அவள். சேர் அவளை இருத்தி அரைமணிநேரம் கதைத்தார். "பிள்ளையள் பசி கிடக்கலாமே, தங்கச்சி?" கடைசியில் அவள் அழுதபடி தலையாட்டினாள். இறந்தவர் என்று எழுதியவள் நான். கையெழுத்து வைத்தவர் சேர். இரக்கப்பட்டுத்தான் செய்தோம்.

வருடங்கள் கழித்து, ஓய்வுபெற்ற சேர் மகளோடு லண்டன் வந்துசேர்ந்தார். ஒரு ஞாயிறு பூசை முடிந்து, கத்தோலிக்கக் கோயில் மண்டபத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். யாரோ ஒருவர் வந்து கைபேசியை நீட்டினார். திரையில் ஒரு மரணச் சான்றிதழ்.

"இது உங்கட கையெழுத்துத்தானே, சேர்? இதில செத்துக்கிடக்கிறது நான்தான்."

சேர் எழுந்து தன் கதிரையை அவருக்குக் கொடுத்தார்.

வேறொரு படகு காப்பாற்றி, இந்தியா போய், பிரான்ஸ் போய், இங்கே வந்தவர் சூசை. தம்பியோடு ஒருவழியாகத் தொடர்பு கிடைத்தபோது மனைவி மறுமணம் செய்திருந்தாள். சான்றிதழைப் பார்த்துத்தான் பங்குச் சுவாமியார் தாலிகட்டச் சம்மதித்தாராம். தம்பி அதைப் படமெடுத்து அனுப்பினான். சூசை அவனை வாய் திறக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டு, தானும் பேசாமல் இருந்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு சேர் ஒரு கடிதத்தோடு வந்தார். இந்த மனிதர் உயிரோடிருக்கிறார், பிழை என்னுடையது என்று கச்சேரிக்கு எழுதிக் கையெழுத்தும் வைத்திருந்தார்.

"அனுப்பட்டோ, சூசை?"

"வேண்டாம் சேர். அவள் நிம்மதியா இருக்கிறாள். குலைக்க ஏலாது."

அன்றுமுதல் ஒவ்வொரு ஞாயிறும் அதே கேள்வி, அதே பதில். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வரும். "ஏன் சேர் அந்த மனுசனைப் போட்டு வதைக்கிறியள்?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். "கேக்காமல் விட்டால் அவரை இரண்டாந்தரமும் செத்தவரெண்டு எழுதினமாதிரி, பிள்ளை" என்றார். சாப்பாட்டு மேசையில் வெறும் விரலால் கையெழுத்துப் போட்டுப் போட்டு அழிப்பார் என்று மகள் சொல்லியிருக்கிறாள். நான் மட்டும் என்ன? எந்தப் படிவத்திலும் 'இறந்தவர்' என்ற சொல்லைக் கண்டால் இன்றும் பேனையைக் கீழே வைத்துவிடுகிறேன்.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது அந்தக் கடிதத்தை என்னிடம் தந்தார். "கண்ணால காணாததை இனி எழுதாதையும். ஞாயிற்றுக்கிழமையில நீர் கேளும்."

அதனால்தான் பதிவுக்குப் போகுமுன் சேரைப் பார்த்தேன். நெற்றியைத் தொட்டேன். அப்போதும் மனம் நம்பவில்லை. எழும்பி வந்து "நான் இருக்கிறன் பிள்ளை" என்று சொல்லமாட்டாரா என்று நின்றுகொண்டே இருந்தேன். அவர் எழும்பவில்லை.

எனக்கென்று அவர் விட்டுப்போனது அந்தக் கடிதமும் கேள்வியும்தான். போன ஞாயிறு பூசை முடிந்து, சேரின் கதிரையில் நான் இருந்தேன். சூசை எதிரே வந்து இருந்தார். கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் எழும்பிப் போகவில்லை.

"அனுப்பட்டோ, சூசை?"

தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். "வேண்டாம், அக்கா."

கோப்பையைக் கழுவ எழும்பியவர் திரும்பிப் பார்த்தார்.

"அடுத்த கிழமையும் கேளுங்கோ."