மஞ்சள் கோடு விழுந்த மேடை

ஒருவரது வேலையைச் சோதிக்கப் போய் அந்த வேலையையே கெடுத்துவைத்தால், அந்தக் குறைக்கு யார் பொறுப்பு? சமூகப் பணியில் முதுகலைப் பட்டம் பெற்ற எனக்கு இந்தக் கேள்வி வகுப்பறையில் எழவில்லை. கோவையில் எங்கள் வீட்டு அடுப்படியில், கையில் பாதி எலுமிச்சம்பழத்தோடு நின்றபோதுதான் எழுந்தது.

பழைய கடப்பைக் கல் மேடையை எடுத்துவிட்டு வெள்ளைக் குவார்ட்ஸ் கல் பதித்திருந்தோம். மேடை மூலையில் திரும்புவதால் இரண்டு கற்கள் அங்கே சேர்ந்தாக வேண்டும். அந்த இடத்தில் வெள்ளைப் பேஸ்ட் நிரப்பி, இணைப்பே தெரியாதபடி தேய்த்திருந்தார் பதித்தவர். அவர் அவிநாசிக்காரர்; பல வருடம் ஒரு கான்ட்ராக்டரிடம் வேலை பார்த்துவிட்டுச் சொந்தமாக எடுத்த முதல் வேலை எங்களுடையது. இரண்டாவது வேலை, பெருந்துறையில் இருக்கும் என் அத்தை வீட்டில் கிடைக்கலாம். மறுநாள் புது மேடையில் பால் காய்ச்சும்போது அத்தை வந்து பார்ப்பார். பிடித்தால் வேலை இவருக்கு. அத்தை வீட்டு மேடையின் இணைப்பு வாய் பிளந்து, அதற்குள் எறும்புகள் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன. ஆகவே கண்ணுக்குத் தெரிகிற ஜாயிண்ட் எதுவும் அத்தைக்கு ஆகாது.

"நகத்தை வெச்சு இழுத்துப் பாருங்க, அம்மணி. தட்டுச்சுன்னா சொல்லுங்க, திரும்பத் தேய்ச்சுத் தாரேன்" என்றார் அவர்.

இழுத்தேன், தட்டவில்லை. ஆனால் என்னுடையவை கடித்த நகங்கள். அவற்றின் சாட்சியத்தை மட்டும் நம்பி அத்தையிடம் ஒருவரைப் பரிந்துரைப்பது முறையாகுமா? அம்மாவின் கண்ணைத் துண்டால் கட்டி, இணைப்பை விரலால் கண்டுபிடிக்கச் சொன்னேன். அம்மா மேடை முழுவதும் தடவி, கடைசியில் சிங்க்குக்குள் கையை விட்டார்.

"இதா இருக்குது பாரு, பெரிய ஜாயிண்ட்டு! துண்டை அவுத்து உடு கண்ணு, ஹால்ல வெச்ச குக்கர் நாலு விசில் அடிச்சுப்போடுச்சு."

கிளம்பும்போது அவர் ஒன்று சொன்னார்: "காலைல ஆறு மணி வரைக்கும் தண்ணி படாம பாத்துக்குங்க. மஞ்ச மட்டும் ஒரு வாரத்துக்கு ஆகாதுங்க, பேஸ்ட்டு குடிச்சுக்கும்."

அதை நோட்டில் 'பராமரிப்பு' என்ற பக்கத்தில் அடிக்கோடிட்டு எழுதிக்கொண்டேன். 'பரிசோதனை' வேறு பக்கம். அந்தப் பக்கத்தின் தர்க்கம் பிழையற்றது: கசிவு இருந்தால் கீழே அலமாரியில் தெரிய வேண்டும், நிறமில்லாத நீர் தெரியாது, எனவே நீருக்கு நிறம் வேண்டும். காலை ஆறு மணிக்கு, தண்ணீர்த் தடை நீங்கியவுடன், ஈரோட்டு மஞ்சள்தூளை ஒரு சொம்பில் தாராளமாகக் கரைத்து இணைப்பின் மேல் ஊற்றினேன். கீழே அலமாரியில் வெள்ளைத் துணி விரித்துவிட்டு அரைமணி நேரம் காத்திருந்தேன்.

துணியில் ஒரு சொட்டுக்கூட இல்லை. பெருமகிழ்ச்சியோடு மேடையைத் துடைத்தேன். கல் வெளுத்தது, இணைப்பு வெளுக்கவில்லை. அதுவரை எவர் கண்ணுக்கும் தெரியாதிருந்த ஜாயிண்ட், சுவரிலிருந்து விளிம்புவரை ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் மஞ்சளாகத் துலங்கியது. சோப்புப் போட்டுத் தேய்த்தேன், சிவப்பாயிற்று. பதறிப்போய் எலுமிச்சை பிழிந்தேன்; மறுபடி மஞ்சளாயிற்று. மீண்டும் சோப்பைக் கையில் எடுத்தேன்.

"ஏங்கண்ணு, மேடைக்கு ஆரத்தி எடுக்கறயா?" என்றார் பால் பாத்திரத்தோடு வந்த அம்மா.

ஒன்பது மணிக்கு அத்தை வந்தார். அவர் பின்னாலேயே, இஸ்திரி போட்ட சட்டையில், மேடை பதித்தவரும் வந்தார். கோட்டைப் பார்த்தார்; என்னைப் பார்த்தார்; கோட்டின் மேல் நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தார். நான் பேசாதிருந்தால் அவருக்குப் பெருந்துறை இல்லை. பேசினால் என் பட்டப்படிப்பைப் பற்றி அத்தை எல்லாக் கல்யாணத்திலும் பேசுவார். இரண்டையும் எடைபோட்டேன், நேரம் பிடித்தது.

"அத்தை, அவரு மேல தப்பில்லீங்க. மஞ்சத் தண்ணி ஊத்துனது நானுங்க. வேண்டாம்னு சொல்லியும் ஊத்துனேன்."

"எதுக்கு கண்ணு?"

"ஒழுகுதான்னு பாக்கறதுக்குங்க."

"ஒழுகுச்சா?"

"இல்லீங்க."

அத்தை சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு அலமாரிக்குள் தலையை நுழைத்தார். துணியை உதறும் ஓசை கேட்டது. உள்ளிருந்தே குரல் வந்தது: "ஒரு சொம்பு ஊத்தியும் ஒரு சொட்டு எறங்கலையா?" வெளியே வந்தவர் பதித்தவரிடம் திரும்பினார். "ஏனுங்க, எங்கூட்டுக்கு எப்ப வாரீங்க?"

"அடுத்த வாரமே வாரனுங்க." சற்றுத் தயங்கி, "வேலை முடிஞ்சு ஒரு வாரத்துக்கு மட்டும் அம்மணிய அங்க உட்றாதீங்க" என்றார்.

"ஒரு வாரமா? கேட்டுக்கு வெளியவே நிக்க வெச்சர்றேன்."

அம்மா அடுப்பில் வைத்திருந்த பால் பொங்கி, வழிந்து, மூலைவரை ஓடிக் கோட்டின் மேல் தேங்கியது. துடைப்பதற்கு நான் துணியை எடுத்தேன். மூன்று பேரும் ஒரே சமயத்தில் "வேண்டாம்" என்றார்கள்.

பெருந்துறை மேடையை அவர்தான் பதித்தார். எங்கள் கோடு இன்று வெளிறிப்போய் இளமஞ்சளாக இருக்கிறது. என் நோட்டில் இப்போது பராமரிப்பும் பரிசோதனையும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன.