அப்பா கண்ணை மூடிக்கொண்டு வாங்கியவை

மலேசியாவின் சுங்கை பினாங்கில் எங்கள் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கண் தெரியாது. அதன் பிறந்தநாளுக்கு விளையாட்டுச் சாமான் வாங்க, நானும் தங்கை மீனாவும் லிட்டில் இந்தியா கடைத்தெருவுக்குப் போயிருந்தோம். கடையில் மீனா ஒரு பந்தைக் காதருகே வைத்துக் குலுக்கினாள். உள்ளே மணி கிலுங்கியது. அந்தச் சத்தத்தில் எனக்குப் பழைய எரிச்சல் அப்படியே திரும்பியது.

மீனாவுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. சின்ன வயதில் அப்பா எங்களை இதே தெருவுக்குத்தான் கூட்டி வருவார். கடை நடுவில் நின்று கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார். அவளுக்காக ஒவ்வொரு சாமானையும் தடவுவார், தட்டுவார், ரப்பர் வாடை அடிக்கிறதா என்று மோந்து பார்ப்பார். விளிம்பு கீறுமோ என்று தன் கன்னத்தில் உரசுவார். என்னிடம் மட்டும், "உனக்கு என்ன வேணுமோ எடுத்துக்கோ லா" என்பார், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

ஒருநாள் நானும் கண்ணை மூடிக்கொண்டு அவர் பக்கத்தில் நின்றேன். "வழியில நிக்காதம்மா" என்று நகர்த்திவிட்டார். அன்று நான் எதையும் எடுக்கவில்லை. அதையும் அவர் கவனிக்கவில்லை.

இத்தனை வருஷம் மீனாவிடம் சொல்லாததை இப்போது சொன்னேன்.

"எனக்கு உன் மேலதான்கா பொறாமை," என்றாள் அவள். "உன்னையாச்சும் கேட்டாரு. என்னைய ஒரு தடவகூடக் கேட்டதில்ல. இந்த மணிச் சத்தமே எனக்குப் பிடிக்காது, தெரியுமா?"

அவள் பந்தைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்தாள்.

"வாக்கா, அந்தப் பிள்ளையக் கூட்டிக்கிட்டு வருவோம்."