முன் சீட்டில் அம்மா, பின் சீட்டில் நான்

கோயம்புத்தூரில் வேலை கிடைத்திருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லி ஒரு வாரமாகிறது. "சரி" என்றார். அவ்வளவுதான். சந்தோஷமா கோபமா, எனக்குப் பிடிபடவே இல்லை.

இன்று இருவரும் மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர் பஸ் ஏறினோம். அம்மாவுக்கு முன் சீட், எனக்கு நேர் பின் சீட்.

வண்டி ஊரைத் தாண்டவில்லை. பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத அக்காவிடம் அம்மா ஆரம்பித்துவிட்டார்.

"பொண்ணுக்குக் கோயம்புத்தூர்ல வேலைங்க. தைரியசாலி, தனியா சமாளிச்சுடுவா. எனக்குத்தான் தூக்கம் வரமாட்டேங்குது."

தைரியசாலியாம்! வீட்டில் என்னிடம் சொல்வதெல்லாம் "ஃபேனை நிறுத்திட்டுப் போ" மட்டும்தான்.

நானும் விடவில்லை. என் பக்கத்தில் இருந்த காலேஜ் பெண்ணிடம் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

"எங்கம்மா ஒரு மாசம் கூட வந்து இருந்தா நல்லாருக்கும்ங்க. கூப்பிட்டா, நடவு வேலை கிடக்குதும்பாங்க."

முன் சீட்டிலிருந்து அந்த அக்காவுக்குப் பதில் போனது.

"நடவெல்லாம் இப்ப மிஷின்தாங்க. அவங்கப்பா பாத்துக்குவாரு. வாயைத் தொறந்து கூப்பிட்டாத்தானே போறது?"

தஞ்சாவூரில் இறங்கினோம்.

"தண்ணி பாட்டில எடுத்தியா?" என்றார்.

"எடுத்துட்டேம்மா" என்றேன்.

கோயம்புத்தூருக்கு இரண்டு டிக்கெட் போட்டுவிட்டேன்.

அடுத்து, கல்யாணம் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அதற்கு இந்த பஸ் தூரம் போதாது. குடவாசல், வலங்கைமான் எல்லாம் சுற்றிக்கொண்டு தஞ்சாவூர் போகிற பஸ் ஏதாவது இருக்கிறதா, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.