வழி விடாத நீலக் கார்

பேய், ஆவி என்று யாராவது கதைக்கத் தொடங்கினால் எழும்பிப் போய்விடுகிற ஆள் நான். பல்கலைக்கழகத்தில் வானிலை படித்தவன், இடி ஏன் இடிக்கிறது என்று கேட்டால் படம் கீறிக் காட்டுவேன். இதை நீங்கள் நம்பவேண்டும் என்றுகூட இல்லை. எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை, அதனால் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி, ஜூலை மாதம். மூன்று கோடையாக நான் இடிமழையைத் துரத்திக்கொண்டிருந்தேன். ஒரு சுழல்காற்றைக்கூடக் கண்ணால் கண்டதில்லை, எப்போதும் பத்து நிமிடம் பிந்திப் போய் முறிந்த மரங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பியதுதான் மிச்சம். கார் அத்தானுடையது. அன்று காலை கார்த் திறப்பைத் தரும்போதே சொல்லிவிட்டார்: "இதுதான் கடைசி. இனிக் கார் கேட்டு என்ரை வாசலுக்கு வராதை."

கூட வந்தவன் கேதீஸ். வெக்ஸ்போர்ட் தொடர்மாடியில் எங்கள் மாடிக்கு மேல்மாடி, சனி ஞாயிறுகளில் சாமத்தியவீடும் கல்யாணமும் வீடியோ எடுப்பவன். அன்று வியாழக்கிழமை, சும்மா கிடந்த கமெராவையும் தூக்கிக்கொண்டு வந்தான்.

நானூறாம் நெடுஞ்சாலையில் வடக்கே ஓடி, பிறகு மேற்கே திரும்பித் தோட்டக் காணிகளுக்குள் இறங்கினோம். பின்னேரம் நாலு மணி இருக்கும், வானம் பாசி நிறத்துக்கு வந்துவிட்டது. ஆலங்கட்டி கொட்டோ கொட்டென்று கொட்டி ஓய்ந்தபோது றோட்டு உப்பளம்போல வெள்ளையாகக் கிடந்தது. அப்போதுதான் மர வரிசைக்கு மேலே, முகிலின் அடியிலிருந்து தும்பிக்கைபோல ஒன்று இறங்குவதைக் கண்டேன். முன்னால் ஒரு மேடு, அதில் ஏறிவிட்டால் மரம் மறைக்காது, முழுதாகப் பார்க்கலாம். கிளைப்பாதை இல்லாத றோட்டுக்குள் புயலை நோக்கிப் போகாதே என்பது எங்கள் முதல் சட்டம். அது தெரிந்தும் அப்படியொரு றோட்டுக்குள்தான் காரைத் திருப்பினேன்.

திருப்பினால், முன்னால் ஒரு பழைய நீலக் கார். சத்தியமாகச் சொல்கிறேன், இருவரும் கண்டோம். ஒடுங்கிய கிரவல் றோட்டின் நட்டநடுவில் ஆமை வேகத்தில் போகிறது, நான் இடப்பக்கம் எடுத்தால் அதுவும் இடப்பக்கம், வலப்பக்கம் எடுத்தால் அதுவும் வலப்பக்கம், நெருங்கினால் பிரேக். ஹோர்ன் அடித்தேன், லைற் போட்டுக் காட்டினேன், வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டினேன்.

"உந்த மனுசனுக்குக் காது அடைச்சுப் போச்சோ?"

"ஓரமா வெட்டி எடு மச்சான்," என்றான் கேதீஸ்.

"எங்காலை எடுக்கிறது, றோட்டோரக் கானுக்குள்ளாலையோ? நீ படத்தை எடு. கல்யாணப் பொம்பிளை இல்லை இது, உனக்காண்டி நிண்டு சிரிக்காது."

"மறைச்சுக்கொண்டு உவன் போறான், நான் எதை எடுக்க? உவன்ரை பின்பக்கத்தையோ?" என்றவன் கமெராவை நிறுத்தவில்லை.

இறங்கி ஓடலாமென்றால் மின்னல் பக்கத்துக் காணியில் விழுந்துகொண்டிருந்தது. எட்டு நிமிடம் அவன் எங்களை அப்படியே வைத்திருந்தான். மரங்களுக்கு மேலே அந்தத் தும்பிக்கை மெலிந்து, கயிறாகி, அறுந்து போனது. அது போன கையோடு நீலக் கார் மேட்டில் ஏறி மறைந்தது.

அவனை அடிப்பதென்றே முடிவெடுத்து நானும் ஏறினேன். மறுபக்கம் இரண்டு கிலோமீற்றருக்கு நேர் றோட்டு. கிளைப்பாதை இல்லை, வீடில்லை, கார் இல்லை. இறங்கி நின்று கத்தினேன். கேதீஸ் என் கையைப் பிடித்தான்.

"கத்தாதை. கீழை பார்."

எங்களுக்கு முன்னால் ஆலங்கட்டி உழக்கப்படாமல் கிடந்தது. பின்னால் திரும்பிப் பார்த்தேன். வந்த வழி முழுக்க ஒரு சோடி கார்ச் சில்லுத் தடம்தான். எங்களுடையது.

கேட்ட எல்லோரும் ஒரே கதைதான் சொல்கிறார்கள். அக்கா திருநீறு பூசிவிட்டு, "அது உங்களைக் காப்பாத்தியிருக்கு" என்றாள். எதிலிருந்து? அடுத்த நாள் பேப்பரில் பார்த்தேன், அது வெறும் வயலில் இறங்கி இரண்டு கொட்டிலைப் பிரித்துவிட்டு அடங்கியிருக்கிறது, ஒரு மாட்டுக்குக்கூடக் காயமில்லை. அந்த மேட்டில் நின்று பார்த்திருந்தால் எனக்கு ஒன்றும் ஆகியிராது. காப்பாற்றினதாம். அந்தக் கார் என்னிடமிருந்து அதைப் பறித்தது, அவ்வளவுதான். அத்தான் சொன்னபடியே பிறகு காரும் தரவில்லை.

கேதீஸ் எடுத்த கசெற் என்னிடம்தான் இருக்கிறது. எட்டு நிமிடமும் வெள்ளை றோட்டு, முன்னால் எதுவும் இல்லை, வெறுமைக்கு ஹோர்ன் அடித்துத் தூஷணத்தால் பேசுகிற என் குரல். அன்றிரவு அதைப் பார்த்தபோது பாதியில் கேதீஸ் எழும்பிப் போய்விட்டான், அவன் பிறகு அதைப் பற்றிக் கதைப்பதே இல்லை. நான் மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறேன். படத்தின் கீழ் விளிம்பில் எங்கள் காரின் முன்மூடி, பொனற், தெரிகிறது, மழையில் நனைந்து மினுங்குகிறது. "பிரேக் போடாதையடா" என்று நான் கத்துகிற ஒவ்வொரு முறையும், அந்த ஈரத்தில் இரண்டு சிவப்பு வெளிச்சம் எரிந்து, அணைகிறது.