சோத்தைப் பருப்பு தொட்டுடக் கூடாது

தாய்மாரு வேலைக்குப் போறப்ப பிள்ளைங்களை விட்டுட்டுப் போற பிள்ளைக்காம்பராவுல வேலை பாக்குறவ கெட்டிக்காரியா இல்லையான்னு தோட்டத்துத் தொரை வந்து சொல்ல வேண்டியதில்லை. கொழுந்து பறிக்கப் போன தாய்மாரு பகலைக்குச் சாப்பிட வந்து பிள்ளையோட வயித்தைத் தொட்டுப் பாப்பாங்க, அம்புட்டுதான் எங்க சர்டிபிகேட். தட்டைக் கையில வச்சுக்கிட்டு ஒரு பிள்ளைக்குப் பின்னால நீங்க ஓடியிருக்கீங்களா? அப்ப நீங்களும் நம்ம ஆளுதான், வாங்க, உக்காருங்க. கொட்டகலைக்கு மேல ஒரு தேயிலைத் தோட்டத்துல நான் வருஷக்கணக்கா ஊட்டிக்கிட்டு இருக்கேன். எந்தப் பிள்ளையும் என் கைக்கு மசிஞ்சிரும்னு ஒரு திமிரு எனக்கு இருந்துச்சு. அபிநயா வந்தா, திமிரு போச்சு.

முதல் கவளம்

நாங்க ஊட்டுற விதம் உங்களுக்குத் தெரியும். பெரிய தட்டுல சோறு, பருப்பு, கீரை எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுப் பெசஞ்சு, பிள்ளைங்களை வரிசையா உக்கார வச்சு ஆளுக்கொரு உருண்டை. புதுசா வந்த நாலு வயசு அபிநயா வாயிலயும் ஒண்ணு வச்சேன். ஐயோ, என்னத்தைச் சொல்ல! ஓங்கரிச்சா, வாந்தி எடுத்தா, நாக்கைத் தன் கவுனாலயே தொடைச்சா. அப்புறம் காதைப் பொத்திக்கிட்டு அலறினா பாருங்க, மத்த பிள்ளைங்க எல்லாம் கூடச் சேர்ந்து அழுதுச்சுங்க.

எங்க சமையக்காரி புனிதா அடுப்படியிலருந்து ஓடி வந்தா. தட்டைப் பாத்தா, என்னைப் பாத்தா.

"யக்கா, நீங்க ஊட்டுனது சோறா, சுண்ணாம்பா?"

உடைஞ்ச ரொட்டி

அபிநயாவோட அம்மா சரோஜா பகலைக்கு வந்தப்பதான் வெவரம் சொன்னா. பிள்ளை தின்கிறது ரெண்டே ரெண்டு. வெள்ளைச் சோறு, அதை எதுவும் தொட்டுடக் கூடாது. அப்புறம் ஓரம் மொறுமொறுன்னு கருகின தேங்கா ரொட்டி. பக்கத்து லயத்து வீட்டுல கருவாடு வறுத்தா இங்க இவ மூக்கைப் பொத்திக்கிட்டு மேசைக்கு அடியில போயிருவா.

சரின்னு ரொட்டி சுட்டுக் குடுத்தோம். நான் பாசமா ரெண்டாப் பிச்சுக் குடுத்தேன். தொடல! பிச்சதை ஒட்ட வைக்கப் பாத்துட்டு விம்மி விம்மி அழுதா. புனிதா முழு ரொட்டி ஒண்ணு கொண்டாந்து வச்சதும் அழுகை நின்னு போச்சு. எனக்கு வாய் மூடல. சரோஜா சாதாரணமாச் சொன்னா:

"உடைஞ்சதை அவ ரொட்டின்னே சேத்துக்க மாட்டா யக்கா."

பட்டினி

லயத்துல சும்மா இருப்பாங்களா? "ஒரு நாள் பட்டினி போடு, பசிச்சா தானாத் திம்பா"ன்னு ஆளாளுக்கு அபிநயாவோட அப்பா மாரிமுத்து காதுல ஓதிட்டாங்க. மனுசனும் நம்பிட்டாரு. சனிக்கிழமை ரொட்டியை நிறுத்திட்டு, பருப்புச் சோத்தை மட்டும் முன்னால வச்சுட்டாரு. ஞாயித்துக்கிழமையும் அதே. பிள்ளை ஒரு வாய் தொடல. பசிக்குதுன்னு அழக்கூட இல்லையாம்.

திங்கக்கிழமை காலையில தூக்கிட்டு வந்தாங்க. உதடு வெடிச்சு, கண்ணு உள்ள போயி, கழுத்து நிக்கல. அடப் பாவிகளான்னு கத்திட்டேன். அப்படியே டவுன் ஆஸ்பத்திரிக்கு ஓடுனோம். சேலைன் ஏத்துனாங்க. அங்கதான் டொக்டரம்மா இவளுக்கு ஓட்டிசம்னு சொன்னாங்க. வாசம், ருசி, வாயில படுற பதம் எல்லாம் நமக்குப் படுறதை விட இவளுக்குப் பல மடங்கு ஒறைக்குமாம். மாரிமுத்து செவுத்துல சாஞ்சு அழுதுட்டாரு. "அடம் புடிக்கிறான்னு நெனச்சேங்க"ன்னாரு. அந்தம்மா அவரைத் திட்டல.

"அந்தப் பருப்பை வாயில வைக்கிறதை விட, பட்டினி கெடக்குறது இவளுக்கு லேசு."

புனிதாவோட முட்டை

பிள்ளை தேறி வந்தா. ஆனா குச்சி மாதிரி இருந்தா. புனிதாவுக்கு மனசு கேக்கல. யாருக்கும் சொல்லாம ஒரு முட்டையை அடிச்சு ரொட்டி மாவுல கலந்துட்டா. பாத்தா வித்தியாசமே தெரியல, நானே ஏமாந்துட்டேன். அபிநயா எடுத்தா, மோந்தா, மெதுவாக் கீழ வச்சா. அழல. அதோட ரொட்டியையே விட்டுட்டா! மறுநாள் நல்ல ரொட்டி சுட்டோம், வீட்டுல சரோஜாவும் சுட்டா, மோந்து கூடப் பாக்கல. மிச்சம் இருந்தது வெள்ளைச் சோறு மட்டும்.

அதுவும் போச்சுன்னா? சரோஜா வேலையை விட்டுட்டுப் பிள்ளையோட இருக்கப் போறேன்னா. கொழுந்து பறிக்க மலைக்குப் போறது அந்த வீட்டுல அவ ஒருத்திதான். வேலையை விட்டா தோட்டம் குடுத்த லயத்துக் காம்பராவையும் திருப்பிக் கேப்பாங்க. புனிதா தலையில அடிச்சுக்கிட்டா.

"நல்லது செய்யப் போயி, பிள்ளை வாயில இருந்ததையும் புடுங்கிட்டேனே!"

மாவுப் பாத்திரம்

டொக்டரம்மாகிட்ட மறுபடி போனோம். ஒளிச்சு எதுவும் குடுக்காதீங்க, கண்ணு முன்னால செய்யுங்கன்னாங்க. புனிதா அடுப்படியை விட்டுட்டு, மாவுப் பாத்திரத்தோட அபிநயாவுக்கு எதிர்ல வந்து உக்காந்தா. இது மாவு, இது தேங்கா, இது உப்பு, இது தண்ணின்னு ஒவ்வொண்ணாக் காட்டிப் பெசஞ்சா. பிள்ளை பாத்துக்கிட்டே இருந்தா, தின்னல. தெனமும் சுட்டோம், தெனமும் நாங்களே தின்னோம். ரொட்டியைக் கண்டாலே எனக்கு வெறுத்துப் போச்சு, இவ மட்டும் அசையல. சரோஜா அந்த வாரக் கடைசியோட வேலையை விட்டு நிக்கிறேன்னு கங்காணிகிட்ட சொல்லிட்டா.

வெள்ளிக்கிழமை, புனிதா சுட்ட ரொட்டியை அபிநயா கையில எடுத்தா. ரெண்டு பக்கமும் மோந்தா. அப்புறம் எந்திரிச்சு வந்து புனிதா கையை மோந்தா, என் கையையும் இழுத்து மோந்தா. அம்மாவைத் தவிர யாருகிட்டயும் பேசாத பிள்ளை, புனிதா மூஞ்சியை நேராப் பாத்துக் கேட்டா:

"முட்ட இல்ல?"

"இல்லடி தங்கம், மாதா சத்தியமா இல்ல"ன்னு புனிதா ஓன்னு அழ, அபிநயா மொறுக்குன்னு ஒரு கடி கடிச்சா, நான் கொட்டுற மழையில மலைக்கு ஓடிப்போயி, வேலையை விட வேணாம்னு சரோஜாவைக் கத்திக் கூப்பிட்டேன்.

தொரைமாரு எத்தனையோ பேரு வந்து எங்க அடுப்படியைச் சோதிச்சுட்டுப் போயிருக்காங்க, ஆனா கையை மோந்து பாத்து எங்களை வேலைக்குச் சேத்துக்கிட்டது அந்த நாலு வயசு தொரைசானி ஒருத்திதான்.