நம்பர் இல்லாத அழைப்பும் ஸ்பெயின் கோட்டையும்

என் கணவருக்குக் கோட்டைப் பைத்தியம். லண்டனில் மிச்சம் என்கிற பகுதியில், எங்கள் தெருவில் மற்ற ஆண்களுக்குக் கார் பைத்தியம், கிரிக்கெட் பைத்தியம், கோயில் நிர்வாகசபைப் பைத்தியம் என்று ஆளுக்கொன்று இருக்கிறது. இவருக்கு ஸ்பெயின் நாட்டுப்புறத்தில் மலைக்கு மலை இடிந்து கிடக்கிற பழைய கோட்டைகள். ஒரு கிழமை, ஏழு நாள் லீவு கிடைத்தால் போதும், மத்ரித்துக்கு டிக்கெட் போட்டுவிட்டுத்தான் என்னிடம் "போவமோ?" என்று கேட்பார்.

சொந்தக்காரர் சிரிப்பார்கள். லீவு கிடைத்தால் சிதம்பரம் போகலாம், சிங்கப்பூர் போகலாம், இதென்ன கல்லும் முள்ளும் என்பார்கள். எனக்கும் ஆரம்பத்தில் எரிச்சல்தான். முதன்முதலாகப் பார்த்த கோட்டையில் மூன்று சுவரும் ஒரு ஆட்டுப்பட்டியும்தான் மிச்சம். காலில் போட்டிருந்த நல்ல சப்பாத்து ஒன்று அன்றைக்குப் பிய்ந்துபோனது. எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"இடிஞ்ச சுவர் பாக்கிறதுக்குப் பிளேன் ஏறி வரவேணுமே? எங்கட ஊரில வேணுமெண்ட மட்டும் கிடக்கு."

இவர் கோபிக்கவில்லை. "அதை ஆர் இடிச்சது எண்டு எனக்குத் தெரியும். இதை ஆர் இடிச்சது எண்டு தெரியாது. அதால நிம்மதியாப் பாக்கலாம்" என்றார்.

அதற்குப் பிறகு நான் பிய்ந்த சப்பாத்தைப் பற்றி மட்டும்தான் முறைப்பட்டேன். இவர் இருபத்திரண்டு வயதில் ஐரோப்பாவை அகதியாக ஒரு லொறிக்குள் பெட்டிகளுக்கு நடுவே குந்தியிருந்து கடந்து வந்தவர். எத்தனையோ நாடு தாண்டியும் ஒரு மரத்தைக்கூடக் காணவில்லை என்பார். இப்போது ஆறுதலாகப் பார்க்கிறார், பார்க்கட்டும்.

கோட்டை பார்ப்பதிலும் இவருக்கென்று ஒரு முறை உண்டு. மற்றவர்கள் கோபுரத்தில் ஏறிப் படம் எடுப்பார்கள். இவர் உள்ளே போனதும் தண்ணீர்த் தொட்டியைத் தேடுவார். எத்தனை பேருக்கு எத்தனை நாளைக்குத் தண்ணீர் காணும் என்று கணக்குப் பார்ப்பார். அடுத்தது பின்வாசல். முற்றுகை வந்தால் சனம் எதனால் வெளியே போயிருக்கும் என்று பார்த்து, அந்த வழியால் தானும் ஒருமுறை குனிந்து போய்த் திரும்பி வருவார். ராசா படுத்த அறை எது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

இனி எங்கள் வீட்டுப் பழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். சண்டைக் காலத்தில் ஊரிலிருந்து வருகிற அழைப்புகளுக்குத் தொலைபேசியில் நம்பர் விழாது. செத்தவீட்டுச் செய்தி எல்லாம் அப்படித்தான் எங்களுக்கு வந்தது. என் சித்தப்பா, பள்ளிக்கூடத்துச் சிநேகிதி, கடைசியில் என் அண்ணை. அதனால் நம்பர் இல்லாத அழைப்பை நான் எடுப்பதில்லை. இவர்தான் எடுப்பார். எடுத்ததும் பின்கதவைத் திறந்து முற்றத்துக்குப் போய்க் கதவைச் சாத்துவார். நான் அடுப்படியில், குசினி யன்னல் கண்ணாடியால் அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். சுவரில் சாய்ந்து, ஒரு காலால் மற்றக் காலைச் சொறிந்துகொண்டு கதைத்தாரென்றால் கலியாணமோ காணிச் சண்டையோ, பயமில்லை. முதுகு பலகை மாதிரி நிமிர்ந்ததென்றால் யாரோ போய்விட்டார்கள். அவர் உள்ளே வந்து சொல்வதற்கு முதலே எனக்கு விளங்கிவிடும். அதை நான் அவரிடம் ஒருநாளும் சொல்லவில்லை.

சண்டை முடிந்து இத்தனை வருடமாகிவிட்டது. இப்போது ஊரிலிருந்து வருகிற அழைப்பில் பேரும் விழுகிறது, படமும் விழுகிறது. ஆனாலும் நம்பர் இல்லாமல் ஒன்று அடித்தால் என் கை தானாகப் பின்னுக்குப் போகும். இவர் கையைத் துடைத்துக்கொண்டு வருவார்.

போன வருடம் ஏப்ரலில் என் இடது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. ஆஸ்பத்திரியில் படம் பிடித்து, ஊசியால் ஒரு துண்டுச் சதையும் எடுத்தார்கள். முடிவை அடுத்த கிழமை வியாழக்கிழமை தொலைபேசியில் சொல்வோம், நம்பர் காட்டாமல்தான் வரும், கட்டாயம் எடுங்கள் என்றாள் தாதி. நான் படிவத்தில் இவருடைய நம்பரை எழுதிக் கொடுத்தேன். என்னுடையதை எழுதிப் பிரயோசனமில்லை என்பது எனக்குத் தெரியாதா?

யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் மிச்சத்துத் தமிழ்ச்சனம் முழுக்கச் சோற்றுப் பெட்டியோடு வாசலில் வந்து நிற்கும், ஒவ்வொருவருக்கும் செத்துப்போன ஒரு ஆளின் கதையும் கைவசம் இருக்கும். ஸ்ட்ரெதமில் இருக்கிற மகளுக்கும் சொல்லவில்லை. அவள் புது வேலையில் சேர்ந்து இரண்டு மாதம்தான்.

அந்தக் கிழமைக்கு ஸ்பெயின் டிக்கெட் ஏற்கெனவே போட்டிருந்தது. வேண்டாம் என்றேன்.

"வீட்டில இருந்தாலும் போன் அடிக்கும், அங்க இருந்தாலும் அடிக்கும். இஞ்ச இருந்து நீர் அதையே பாத்துக்கொண்டிருக்கப் போறீர். வாரும்."

போனோம். நாங்கள் எடுத்த வீடு சோரியாப் பக்கம், ஒரு ஆற்றங்கரைக் கிராமத்தில். போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது, பள்ளத்தில் இருக்கிற அந்த ஊரில் போனுக்கு சிக்னலே இல்லை. நான் இவரைப் பார்த்த பார்வையில் ஆள் எரிந்துபோயிருக்கவேண்டும். நல்லவேளையாக ஊருக்கு மேலே மலை முழுவதையும் வளைத்துக்கொண்டு ஒரு கோட்டை. ஆயிரம் வருடப் பழசாம். அங்கே ஏறினால் சிக்னல் நிறைந்து வழிந்தது. ஆக, வியாழக்கிழமை காலையிலேயே றொட்டியும் கட்டைச்சம்பலும் கட்டிக்கொண்டு கோட்டைக்குப் போய்விட்டோம், பகல் முழுக்க அங்கேயே இருப்பது என்று.

காவலுமில்லை, டிக்கெட்டுமில்லை, எங்களைத் தவிர ஒரு சனமுமில்லை. குதிரை லாடம் மாதிரி வளைந்த பெரிய வாசல். உள்ளே நீட்டுக்குப் புல்வெளி, இந்த முனையில் ஒரு பஸ் தரிப்பென்றால் அடுத்த முனையில் அடுத்த தரிப்பு, அவ்வளவு நீளம். தலைக்கு மேலே கழுகுகள் சுற்றின. அவைகளை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. எனக்கு இருந்த மனநிலைக்கு அவைகள் வேறு வேண்டுமா?

பதினொரு மணிபோல இவருக்குப் பொறுக்கவில்லை. தூர முனையில் நிலத்துக்குள் இறங்குகிற ஒரு தண்ணீர்த் தொட்டி இருப்பதாக வாசலில் இருந்த பலகையில் படம் போட்டிருந்தது.

"நான் கீழ இறங்கினால் சிக்னல் போயிடும். போனை நீர் வைச்சிரும். அடிச்சால் ஒரு சத்தம் போடும், ஓடிவாறன்."

போனார். கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. திரையில் நம்பர் இல்லை.

நான் சத்தம் போட்டேன். காற்று அதை அப்படியே ஆற்றுப் பக்கம் கொண்டுபோனது. போனைக் கையில் பிடித்துக்கொண்டு, சேலையாக இருந்தால் விழுந்திருப்பேன், ஜீன்ஸ் போட்டிருந்தபடியால் தப்பினேன், கற்களுக்கு மேலால் அவரை நோக்கி ஓடினேன். "இஞ்சருங்கோ! இஞ்சருங்கோ!" பாதி தூரம் போகவில்லை, போன் நின்றுவிட்டது. திருப்பி எடுக்க நம்பரும் இல்லை. மூச்சு வாங்க நின்றேன். தொட்டியடியில் ஒரு தலைமயிர்கூடத் தெரியவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தத் தொட்டியை அந்த இடத்திலேயே மண் போட்டு மூடியிருப்பேன்.

மறுபடியும் அடித்தது.

இதையும் விட்டால் தாதி வேறு ஆளுக்கு எடுக்கப் போய்விடுவாள். வெள்ளி அவர்களுக்கு லீவு, பிறகு திங்கட்கிழமைதான். நான்கு நாள். என்னால் இன்னும் நான்கு நாள் ஏலாது என்று எனக்குத் தெரிந்தது. தூர முனைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று பொத்தானை அழுத்தினேன்.

பேரைக் கேட்டாள், பிறந்த தேதியைக் கேட்டாள். தேதி என் வாயில் வரவில்லை. இரண்டாவது தரம்தான் சரியாகச் சொன்னேன்.

"நல்ல செய்திதான்," என்றாள். புற்றுநோய் இல்லை. வெறும் கொழுப்புக் கட்டி, ஆறு மாதத்தில் ஒருமுறை காட்டினால் காணும். பிறகு, மணி அடிக்கிற சத்தம் வேறு மாதிரி இருந்ததே, வெளிநாட்டிலா நிற்கிறீர்கள் என்று கேட்டாள். ஒரு கோட்டையில் நிற்கிறேன் என்றேன். கோட்டையிலா என்று அவள் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, அது பாதியில் அழுகையாகிவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து, தோள் குலுங்கக் குலுங்க அழுதேன், சிரித்தேன். இரண்டும் ஒன்றாகத்தான் வந்தது. இருபது நாளாக நெஞ்சுக்குள் கிடந்த பாறாங்கல்லை யாரோ தூக்கி எறிந்ததுபோல இருந்தது.

திரும்பிப் பார்த்தால், பத்தடி தூரத்தில் இவர். எப்போது வந்தாரோ. முழங்கால் பக்கம் காற்சட்டை கிழிந்து இரத்தம் கசிந்தது, ஓடிவந்து விழுந்திருக்கிறார். கிட்ட வராமல் நின்றார். முகத்தில் சொட்டு இரத்தமில்லை. அப்போதுதான் உறைத்தது, இவ்வளவு நேரமும் இந்த மனிசன் என் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார் என்று.

"ஒண்டுமில்லையாம்," என்று கத்தினேன். "ஒண்டுமில்லையாம் அப்பா!"

அப்படியே புல்லில் இருந்துவிட்டார். நான் பக்கத்தில் போய் இருந்து, றொட்டி சுற்றி வந்த துணியால் முழங்காலைத் துடைத்தேன். பிறகு சொன்னார்:

"நீர் குனிஞ்சதைக் கண்டதும் முடிஞ்சுது எண்டு நினைச்சிட்டன். நான் ஒருநாளும் உமக்கு அப்பிடிக் காட்டினதில்லை. நீர் குசினிக்குள்ள நிண்டு பாக்கிறனீர் எண்டு தெரியும். அதுதான் எவ்வளவு பெரிய செய்தி வந்தாலும் முதுகை நல்லா நிமித்திக்கொண்டு நிக்கிறனான், உமக்குத் தெரியக்கூடாது எண்டு."

எனக்குச் சிரிப்பு வந்தது. "நீங்கள் நிமிர்ந்தால்தானே எனக்குத் தெரியும், ஆரோ போயிட்டினம் எண்டு!"

வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தார். "எல்லா முறையுமோ?"

"எல்லா முறையும்."

"அண்ணைக்கும்?"

"ஓம். அண்டைக்கு நீங்கள் கனநேரம் கதைச்சனீங்கள். அரை மணித்தியாலம் அசையாமல் நிண்டனீங்கள்."

இவர் புல்லைப் பிய்த்துக்கொண்டிருந்தார். "கதைக்கேல்லை. போன் அப்பவே கட்டாயிட்டுது. சும்மா காதில வைச்சுக்கொண்டு நிண்டனான். நான் உள்ள வந்து சொல்லுற வரைக்கும் உமக்கு அண்ணை இருந்தவர்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நானும் அந்த அரை மணித்தியாலம் முழுக்கத் தெரிந்துகொண்டேதான் நின்றேன். இரண்டு பேரும் தனித்தனியே நின்றிருக்கிறோம். அவருடைய கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். பிறகு பசித்தது. அகோரப் பசி. கட்டிக்கொண்டு போன அவ்வளவு றொட்டியையும் அந்த இடத்திலேயே தின்று முடித்தோம். தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்குதாம், தவளையும் இருக்குதாம்.

மகளுக்கும் அங்கிருந்தே போன் எடுத்துச் சொன்னோம். மறைத்ததற்கு இங்கிலீசில் ஒரு மணித்தியாலம் பேசினாள். வாங்கிக் கட்டிக்கொண்டோம்.

லண்டனுக்கு வந்து இரண்டு கிழமை கழித்து ஒரு சனிக்கிழமை மத்தியானம், இவர் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டு நிற்க, போன் அடித்தது. நம்பர் இல்லை. இவர் வழக்கம்போல அடுப்பைக் குறைத்துக் கையைத் துடைத்தார்.

"நில்லுங்கோ, நான் எடுக்கிறன்," என்றேன்.

சுடுதண்ணீர்ப் பொயிலர் பார்க்க வருகிற ஆள். செவ்வாய்க்கிழமை வரலாமா என்று கேட்டார். இவர் அகப்பையைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் பின்கதவைத் திறக்கவில்லை. குசினி நடுவிலேயே அவருக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு நின்று, செவ்வாய்க்கிழமை வாருங்கள் என்று சொன்னேன்.